மெஷின் சொன்ன 27

கேள்வி:

வணக்கம். நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. இரண்டு வருடமாகப் பின்னேரங்களில் விழிப்புலனற்ற ஆறு பேருக்குச் சத்தப்பந்து ரெனிஸ் பழக்கி வருகிறேன். பந்துகளைக் கனடாவில் இருக்கும் என் தமையன் அனுப்பிவைத்தார். ஆறு பேரில் இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒருவர் 26 வயதுத் தம்பி. 2009இல், பத்து வயதில், பார்வை முழுதாகப் போய்விட்டது, வெளிச்சம்கூடத் தெரியாது. உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 71 கிலோ. ஒரு அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநராக வேலை. போன மாதம் எல்லாரையும் ஒரு ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெஷினில் ஏற்றிப் பார்த்து, “27 வீதம் கொழுப்பு, எட்டுக் கிலோ இறக்கவேணும், சோற்றை நிறுத்து” என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மத்தியானம் கிறீம் கிறாக்கரும் பிளேன்ரீயும்தான். விளையாட வந்தால் அரை மணித்தியாலத்தில் சோர்ந்துபோகிறார். இரவில் இரண்டு மணிவரை நித்திரையும் இல்லையாம். வலது தோள்மூட்டு நோகிறது என்றும் சொல்கிறார்.

மற்றவர் 19 வயதுத் தங்கச்சி. பிறவிக் குளுக்கோமா (கண் அழுத்த நோய்), ஒரு கண்ணில் நிழல்போலக் கொஞ்சம் தெரியும். 158 சென்ரிமீற்றர், 46 கிலோ. மெல்லிய, சுறுசுறுப்பான பிள்ளை. ஜிம்மிலும் அவவைப் பற்றி நல்லாகத்தான் சொன்னார்கள்.

றக்கெற் பிடித்து விளையாடுபவருக்கு என்ன மாதிரி உடம்பு வேண்டும்? இணையத்தில் பரா பட்மின்ரன் வீரர்களின் உயரம், நிறை எல்லாம் கிடைக்கின்றன. அவற்றை இலக்காக வைக்கலாமா? இன்னொன்று. தங்கச்சி இரவில் சாப்பிடுவதில்லை என்று தாய் சொன்னா. மூன்று மாதமாக மாதவிடாயும் வரவில்லையாம். பயிற்சி கூடினால் அப்படி வருவது வழமைதானே?

பதில்:

ரீச்சர், வணக்கம். நீங்கள் முடித்த இடத்தில் நான் தொடங்குகிறேன். தம்பியின் வயிறு இன்னும் ஆறு மாதம் பொறுத்திருக்கும். தங்கச்சியின் விடயம் பொறுக்காது.

அது வழமை இல்லை. விளையாடும் பெண்பிள்ளைகளிடம் அடிக்கடி காண்பதால் “வழமை” என்று பயிற்றுநர்களும் தாய்மாரும் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றால் அது வைத்தியரிடம் போகவேண்டிய விடயம். நான் இயன்மருத்துவன், உடம்பை அளப்பதும் அசைவைத் திருத்துவதும் என் வேலை. காரணத்தைக் கண்டுபிடிப்பது வைத்தியரின் வேலை. தைரொயிட், சூலகக் கட்டிகள், இரும்புக் குறைவு என்று அவர் பார்க்கவேண்டிய பட்டியல் ஒன்று உண்டு. ஆனால் இரவுச் சாப்பாடு நின்றதையும் மாதவிடாய் நின்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது சக்திப் பற்றாக்குறை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதைத் தனியொரு நிலையாகவே பெயரிட்டு எச்சரித்தது. மெலிந்த வீராங்கனைகளுக்கு மட்டும் வருவதென்றும் இல்லை, ஆண்களுக்கும் வரும்.

கணக்கைப் பாருங்கள். 46 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் 37 கிலோ அளவு என்று வைப்போம். காலையில் இரண்டு துண்டுப் பாணும் சம்பலும், மத்தியானம் ஒரு கோப்பைச் சோறும் கறியும், பின்னேரம் ஒரு தேத்தண்ணி, இரவு ஒன்றுமில்லை. இது 1,300 கலோரி தேறினாலே பெரிய காரியம். பயிற்சியில் 300 போய்விட்டால் மிஞ்சுவது 1,000. அதை 37ஆல் பிரித்தால் கிலோவுக்கு 27 வருகிறது. இந்தக் கணக்கில் 45 அளவில் இருந்தால் உடம்பு நிம்மதியாக இருக்கும். 30க்குக் கீழே கிழமைக்கணக்கில் கிடந்தால், சம்பளம் பிந்திய வீட்டில் கூரைத் திருத்தத்தைத் தள்ளிப்போடுவதுபோல, இன்றைக்கு உயிரோடிருக்கத் தேவையில்லாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தும். முதலில் நிற்பவற்றில் ஒன்று மாதவிடாய். அதோடு ஈஸ்திரோஜன் குறையும், எலும்பு கட்டுவது தளரும். எலும்பு தன் உச்சத் திண்மையைச் சேர்த்துக்கொள்ளும் வயது இருபதுகள்தான். பார்வை குறைந்த பிள்ளை மற்றவர்களைவிடக் கூடுதலாக விழும், மோதும். அந்தப் பிள்ளைக்கு எலும்பு மெலியலாமா?

அவருடைய உடற்திணிவுச் சுட்டி 18.4. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரித்து வரும் அந்த எண் 18.5க்குக் கீழே போனால் நிறை குறைவு என்று அர்த்தம். ஆறு பேரில் மெஷின் எச்சரித்திருக்க வேண்டியது அவரைத்தான். “நல்ல உடம்பு” என்று பாராட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

குளுக்கோமா என்பதால் இன்னும் இரண்டு சொல்லவேண்டும். கண்ணுக்கு விடும் துளிமருந்துகளில் ரிமொலோல் போன்றவை இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியவை. சக்திப் பற்றாக்குறையிலும் துடிப்பு குறையும். ஆகவே நாடி மெதுவாக இருந்தால் “நல்ல பயிற்சி எடுத்த இதயம்” என்று எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது. வைத்தியரிடம் போகும்போது கண் மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். மற்றது, மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவது, தலைகீழாக நிற்கும் யோகாசனங்கள் இரண்டும் கண் அழுத்தத்தை ஏற்றும். வேண்டாம்.

பயிற்சிக்கு வராதே என்று அவரை வீட்டில் இருத்திவிடாதீர்கள். தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்வார். வைத்தியர் பார்க்கும்வரை ஓட்டமும் தாவலும் இல்லாமல், சத்தம் கேட்டு அடிக்கும் பயிற்சியை மட்டும் கொடுங்கள்.

ஏன் இரவில் சாப்பிடுவதை விட்டார் என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? என் ஊகத்தைச் சொல்கிறேன். ஜிம்மில் தம்பியின் எண்ணை உரத்த குரலில் சொல்லியிருப்பார்கள். “இந்தத் தங்கச்சியைப் பார், எப்படி மெல்லிசாக இருக்கிறா” என்றும் ஒரு வார்த்தை விழுந்திருக்கும். கண்ணாடி பார்க்காத பிள்ளைக்கு ஊர்ச்சனத்தின் வாய்தான் கண்ணாடி. தன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைச் சட்டையின் இறுக்கத்திலும், கைபிடித்துக் கூட்டிப்போகிறவரின் பேச்சிலும், சாமத்திய வீட்டில் மாமி சொல்லும் பகிடியிலும் இருந்துதான் அது கட்டிக்கொள்கிறது. பெரியபிள்ளையான நேரம் உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் வற்புறுத்தித் தீத்திய அதே வீடுகள் பத்தொன்பது வயதில் “கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடு” என்று சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

இதில் எனக்கும் ஒரு பாவக்கணக்கு இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு விழிப்புலனற்ற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிறை பார்த்தேன். எழுதுகிறவர் தூரத்தில் மேசையில் இருந்தார், நான் ஒவ்வொரு எண்ணையும் உரக்கக் கூப்பிட்டேன். கண் தெரிகிற பிள்ளைகள் என்றால் தாளை மடித்துக் கையில் கொடுத்திருப்பேன். “எழுபத்தெட்டு” என்று நான் கூப்பிட்ட பெடியன் அடுத்த கிழமை வரவில்லை. பிறகு வரவே இல்லை. அன்றைக்குப் பிறகு நான் எண்ணைக் காதோடு சொல்கிறேன், அதுவும் “உங்களுக்குத் தெரியவேணுமா?” என்று கேட்டுவிட்டு. நாடாவைச் சுற்றமுன் “இப்ப இடுப்பில கை வைக்கப்போறன்” என்று சொல்லவேண்டும். பெண்பிள்ளைகளைப் பெண்தான் அளக்கவேண்டும், இன்னொரு பெண் கூட இருக்கவேண்டும். பேசும் தராசுகள் விற்பனைக்கு உண்டு, ஆனால் அவையும் ஊருக்கே கேட்கப் பேசும். தனியறையில் வையுங்கள்.

இனி தம்பி.

அவருடைய சுட்டி 25.2. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 2004இல் சொன்ன எச்சரிக்கைக் கோடுகள் 23, 27.5. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். நாங்கள் தெற்காசியர், ஐரோப்பியரைவிடக் குறைந்த நிறையிலேயே வயிற்றில் கொழுப்பு கட்டும், சீனி வருத்தமும் முந்தி வரும். ஆகவே கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் எட்டுக் கிலோ என்ற எண் எங்கிருந்து வந்தது?

அந்த மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை. உள்ளங்கால் வழியாகவோ உள்ளங்கை வழியாகவோ சிறு மின்னோட்டம் ஒன்றை விட்டு, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. தண்ணீர் நிறைந்த தசை மின்னைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். தடையை வைத்துத் தண்ணீரை ஊகித்து, தண்ணீரை வைத்துத் தசையை ஊகித்து, மிச்சத்தைக் கொழுப்பென்று எழுதுகிறது. மத்தியான வெயிலில் பஸ்ஸில் வியர்த்துப் போய் ஏறி நின்றவருக்குத் தண்ணீர் குறைவு, தடை கூட, கொழுப்பும் கூட. அதே ஆள் அடுத்த நாள் காலையில் வேறொரு எண்ணைக் காட்டுவார். நல்ல மெஷினிலேயே மூன்று முதல் ஐந்து வீதம் அங்காலே இங்காலே போவது சாதாரணம். காலால் மட்டும் அளக்கும் தராசுக்கு வயிற்றில் என்ன இருக்கிறது என்பது சரியாகத் தெரியவும் தெரியாது.

2009 என்று எழுதியிருக்கிறீர்கள். இறுதிப் போர் நடந்த அந்த ஆண்டைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. அவருடைய உடம்பில் செல்துண்டு ஏதும் மிச்சம் கிடக்கிறதா என்று கேளுங்கள். கிடந்தால், கொழும்பில் யாராவது எலும்புத் திண்மை ஸ்கான் எடுத்து உடம்பின் கொழுப்பைத் துல்லியமாகச் சொல்கிறோம் என்று கூப்பிட்டாலும், உலோகம் அந்தக் கணக்கைக் குழப்பும். எம்.ஆர்.ஐ. என்றால் உள்ளே போகமுன்னரே கட்டாயம் சொல்லவேண்டும்.

நான் அளப்பதென்றால், தோலைக் கிள்ளிப் பிடித்து அதன் தடிப்பை அளக்கும் தோல்மடிப்புக் கருவியால் அளப்பேன். 1986இல் தொடங்கிய உடலளவை வல்லுநர்களின் உலக அமைப்பு வகுத்த முறையில் எட்டு இடங்கள்: மேற்கையில் முன்னும் பின்னும், தோள்பட்டைக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே இரண்டு இடம், வயிறு, தொடை, கெண்டைக்கால். எட்டின் கூட்டுத்தொகையை மில்லிமீற்றரில் வைத்துக்கொள்வேன், வீதமாக மாற்றமாட்டேன். மாற்றும் சூத்திரங்கள் வேறு நாட்டு உடம்புகளில் செய்தவை. கூட்டுத்தொகை மூன்று மாதத்தில் குறைகிறதா என்பது போதும். ஆனால் உங்களுக்கு அந்தக் கருவிகூட இப்போது தேவையில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு எண்தான் எனக்கு வேண்டும்: இடுப்புச் சுற்றளவு. உயரத்தில் பாதி, அதாவது 84 சென்ரிமீற்றர், அவருக்கு நல்ல இடம். தெற்காசிய ஆண்களுக்குச் சொல்லும் எல்லை 90, பெண்களுக்கு 80. 90ஐத் தாண்டியிருந்தால் வெறும் வயிற்றுச் சீனியைச் சோதித்துப் பார்க்கட்டும்.

சோற்றை நிறுத்தியதும் முதல் கிழமையில் இரண்டு கிலோ குறைந்து எல்லாரும் சந்தோசப்பட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் தண்ணீர். தசைக்குள் சேர்த்துவைத்திருக்கும் மாப்பொருள் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். களஞ்சியம் காலியாகும்போது தண்ணீரும் போகிறது, அரை மணித்தியாலத்தில் கால் சோர்கிறது. தொடர்ந்தால் தசையும் போகும். பிறகு அதே நிறையில் கூடுதல் கொழுப்போடு நிற்பார்.

அடுத்தது பரா பட்மின்ரன் அளவுகள். அவற்றை மூடிவையுங்கள். பட்மின்ரன் பராலிம்பிக்குக்குள் வந்தது 2021இல் நடந்த ரோக்கியோ 2020இல்தான். அதிலும் சரி, பராலிம்பிக் மேசைப்பந்திலும் சரி, விழிப்புலனற்றோருக்கென்று பிரிவே இல்லை. சக்கரநாற்காலியில் இருப்பவர், கால் அல்லது கை பாதிக்கப்பட்டவர், குள்ளமானவர் ஆகியோரின் அளவுகளைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கண் தெரிந்த பட்மின்ரன், ரெனிஸ் ஆட்டக்காரர்களின் உடல்வாகை எடுத்தாலும் சரிவராது. உயரமும் நீண்ட கையும் அவர்களுக்கு வரம். பறந்து வருவதைத் தலைக்கு மேலே பிடித்து அடிக்கிறார்கள்.

உங்கள் பிள்ளைகளின் ஆட்டம் வேறு. அது யப்பானில் பிறந்தது. தானே பார்வையற்றவரான மியோஷி தக்கேய் பாடசாலை மாணவனாக இருந்தபோது “பறக்கிற பந்தை அடிக்கவேணும்” என்ற ஆசையில் பந்தைத் தேடிச் செய்துபார்த்து, 1984 அளவில் ஆட்டத்தை உருவாக்கினார். 1990இல் அங்கே தேசியப் போட்டி தொடங்கியது. பஞ்சுப் பந்து, அதன் வயிற்றுக்குள் மேசைப்பந்துபோல ஒன்று, அதற்குள் கலகலக்கும் மணிகள். பந்து நிலத்தில் விழும்போதுதான் சத்தம் நன்றாகக் கேட்கும். தம்பிபோல ஒளியும் தெரியாத பி1 பிரிவினர் கண்மறைப்போடு ஆடுகிறார்கள், பந்து மூன்று தரம் நிலத்தில் படும்வரை விடலாம். கோட்டுக்கு மேலே கயிறு ஒட்டியிருக்கும், அதைக் காலால் தடவித் தாங்கள் நிற்கும் இடத்தை அறிகிறார்கள்.

இந்த விதிகளை உடம்பின் கண்ணோடு பாருங்கள். மூன்றாம் தரம் விழுந்து எழும் பந்து முழங்காலுக்கு மேலே வராது. பிடித்திருப்பது குட்டை றக்கெற். ஆகவே ஒவ்வொரு அடிக்கும் இடுப்பையும் முழங்காலையும் மடித்து இறங்கவேண்டும், இறங்கியபடி இரண்டு மூன்று அடி எட்டுவைக்கவேண்டும், எழும்பவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் நூறு தரமாவது. நீண்ட ஓட்டமே இல்லை. இந்த ஆட்டத்துக்கு வேண்டியது உயரமல்ல, பலமான தொடையும் பின்பக்கமும், திரும்பக்கூடிய இடுப்பும். நிறை கொஞ்சம் கூடினாலும் அது தொடையில் இருந்தால் ஆதாயம். வயிற்றில் இருந்தால் குனிய விடாது.

இன்னொன்றை நான் இந்தப் பிள்ளைகளிடம்தான் படித்தேன். களைத்து மூச்சு வாங்கும்போது அவர்கள் பந்தைத் தவறவிடுவது கால் போகாததால் மட்டும் இல்லை. தங்கள் மூச்சுச் சத்தத்தில் பந்தின் சத்தம் அமுங்கிப்போகிறது. கண் தெரிந்த வீரன் இரைத்துக்கொண்டும் பந்தைப் பார்க்கலாம். காதால் விளையாடுகிறவர் இரைக்கும்போது பாதிக் குருடாகிறார், இந்தச் சொல்லை அவர்களே சொல்லிச் சிரித்தார்கள். அதனால் கொழுப்பு வீதத்தைவிட மூச்சு அடங்கும் நேரம் எனக்கு முக்கியம். ஒரு நிமிடம் தொடர்ந்து ஆடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மீற்றர் தூரத்தில் பந்தை மெதுவாக உருட்டுங்கள். எத்தனையாவது செக்கனில் அவர் “இடது பக்கம்” என்று சரியாகச் சொல்கிறார்? மாதம் ஒருதரம் பாருங்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் கைவைத்தியம்.

விழிப்புலனற்ற பிள்ளைகளை அளந்த ஆய்வுகள் பல நாடுகளில் இருந்தும் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்: ஓடியாடல் குறைவு, மூச்சுப்பலம் குறைவு, கொழுப்புச் சற்றுக் கூட. கண்ணுக்கும் கொழுப்புக்கும் நேரடியாக ஒரு தொடர்பும் இல்லை. “விழுந்திடுவாய், அதிலே இரு” என்ற அன்புதான் இடையில் நிற்கிறது. வளரும் வயதில் மதில் ஏறாத, மாமரத்தில் ஏறாத, கோயில் வீதியில் புரளாத உடம்பு அது. தம்பிக்குப் பத்து வயதுவரை அது கிடைத்திருக்கிறது. கிடைக்காத தங்கச்சியைவிட அவர் அசைவை வேகமாகப் பிடிப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

தோள் நோவுக்கு வருகிறேன். அவர் நடப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒரு கையில் வெள்ளைப் பிரம்பு, மற்றக் கை உடம்போடு ஒட்டியிருக்கும், தலை சற்று முன்னுக்கு, காலடி அகலமாக. வருடக்கணக்காகக் கை வீசி நடக்காதவருக்கு இடுப்பும் முதுகும் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பும் பழக்கம் போய்விடும். அந்த முதுகோடு றக்கெற்றைப் பிடித்தால் அடி முழுவதும் தோளில் இருந்தே வரும். தோள் நோகாமல் என்ன செய்யும்? கண் தெரிந்தவன் மற்றவனைப் பார்த்துத் திருத்துவான், இவருக்குக் காட்டித்தர முடியாது. உங்கள் இடுப்பில் அவர் கையை வைக்கவிட்டு நீங்கள் மெதுவாக அடித்துக் காட்டுங்கள். கூச்சம் என்றால் ஆண் ஆசிரியர் ஒருவரைக் கேளுங்கள். வலது கை இடதைவிடச் சற்றுத் தடித்திருந்தால் பயப்படவேண்டாம்; றக்கெற் பிடிப்பவர்களின் ஆடும் கையில் தசை மட்டுமில்லை, எலும்பும் தடிக்கும். இரண்டு கிழமை தலைக்கு மேலே அடிப்பதை நிறுத்தியும் நோவு குறையாவிட்டால், அல்லது இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாவிட்டால், யாராவது இயன்மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடற்பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது, 30 செக்கனில் எத்தனை என்று எண்ணுங்கள். படியில் ஏறி இறங்குவது. ஒற்றைக் காலில் நிற்பது. கண்ணின் உதவி இல்லாதபோது சமநிலையைக் காதுக்குள் இருக்கும் உறுப்பும் பாதமும்தான் பார்க்கவேண்டும், அதனால் வெறுங்காலோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்டிக் கடற்கரைக்கோ கசூரினாவுக்கோ கூட்டிப்போய் மணலில் நடக்க விடுங்கள், கயிறு ஒன்றைக் கட்டிவிட்டால் தாங்களாகவே ஓடுவார்கள். அவர்கள் வீட்டில் கிணறு இருந்தால் அதைவிட நல்ல மெஷின் கிடையாது. கப்பியில் தண்ணி அள்ளும்போது பிடி, முதுகு, இடுப்பு மூன்றும் ஒன்றாக வேலை செய்யும். எங்கள் வீடுகளுக்கு மோட்டார் வந்த வருடத்தில் இருந்துதான் தோள்மூட்டு நோவோடு ஆட்கள் என்னிடம் வரத் தொடங்கினார்கள் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. முழுப் பகிடியும் இல்லை. தம்பி இருபது வாளி அள்ளட்டும். நல்ல கட்டுள்ள கிணறாக இருக்கவேண்டும், சொல்லத் தேவையில்லை.

சாப்பாடு. முதலில் கிறீம் கிறாக்கரை நிறுத்திச் சோற்றைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு அகப்பை குறையட்டும், அந்த இடத்தில் மீனோ பருப்போ கூடட்டும். பிளேன்ரீக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டீர்களா? தொலைபேசிக்கு முன்னால் இருந்து வேலை செய்கிறவர் நாளைக்கு ஐந்து கோப்பை குடிப்பார். கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் பதினைந்து கரண்டி, 60 கிராம் சீனி, 240 கலோரி. ஒரு கோப்பைச் சோற்றை நிறுத்திவிட்டு அதைவிடக் கூடுதலாகச் சீனியாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த எங்கள் அப்பாச்சிமார் ஒரு துண்டோடு நிறுத்தினார்கள்.

புரதம் அவருக்கு நாளைக்கு 100 கிராமுக்குக் கிட்ட வேண்டும், கிலோவுக்கு 1.4 என்ற கணக்கு. இங்கேதான் விழிப்புலனற்றவர் வீடுகளில் ஒருவரும் பேசாத சங்கதி ஒன்று இருக்கிறது: முள். முள் தொண்டையில் சிக்கும் என்ற பயத்தில் மீனைக் கொடுக்கமாட்டார்கள், குழம்பை மட்டும் ஊற்றுவார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மீன் சாப்பிடாத ஆட்களை நான் இவர்களிடையேதான் கண்டேன். கணவாய், இறால் கொடுங்கள். பெரிய மீனின் சதைத் துண்டை உதிர்த்துக் கொடுங்கள். நெத்தலியை மொறுமொறுவென்று பொரித்தால் முள்ளோடு சாப்பிடலாம், கல்சியமும் சேரும், தங்கச்சிக்கும் நல்லது. 100 கிராம் மீனில் 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6. நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் விடும் வீடு என்றால் கௌபி, பயறு, சோயாமீட், தயிர். பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் இரண்டு பேருக்கும் வாழைப்பழமும் ஒரு கை கச்சானும். தட்டில் எது எங்கே இருக்கிறது என்று மணிக்கூட்டு முகம்போலச் சொல்லிக் கொடுங்கள், “மூன்று மணியில் மீன், ஒன்பதில் கீரை” என்று. சோற்றோடு எல்லாவற்றையும் குழைத்துக் கையில் தரும் வழக்கத்தில் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதே தெரியாமல் போகிறது.

நித்திரையைப் பற்றிச் சுருக்கமாக. ஒளியே தெரியாதவர்களில் பலருக்கு உடம்பின் மணிக்கூடு 24 மணித்தியாலத்தோடு ஒத்துப்போகாமல் நாளுக்கு நாள் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகும். சோம்பலோ போன் பார்ப்பதோ காரணமில்லை. நித்திரை கெட்டால் அடுத்த நாள் பசியும் கூடும், சீனி ஆசையும் கூடும். நித்திரை வராத நேரங்களை ஒரு மாதம் குரலில் பதிந்து வைத்து வைத்தியரிடம் போட்டுக் காட்டட்டும். சாப்பாட்டு நேரமும் பயிற்சி நேரமும் தினமும் மாறாமல் இருந்தால் கொஞ்சம் உதவும்.

நிறை எவ்வளவு இருக்கவேண்டும் என்று கேட்டீர்கள். தம்பிக்கு இலக்கு நிறை நான் தரமாட்டேன். அதற்குப் பதிலாக ஒரு நூல் தருகிறேன். நீளாத பருத்தி நூலை எடுத்து, காலையில் சாப்பிடமுன், மூச்சைச் சாதாரணமாக விட்டபடி, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். 84 சென்ரிமீற்றரில் இன்னொரு முடிச்சு. நூல் அவரிடமே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் தானே சுற்றிப் பார்த்து, முதல் முடிச்சில் இருந்து எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கலாம். யாரும் உரக்க வாசிக்கத் தேவையில்லை. இரண்டு விரல்கடை உள்ளே வந்து, கதிரையில் எழும்பும் எண்ணிக்கையும் கூடியிருந்தால், தராசு அதே 71ஐக் காட்டினாலும் எனக்குக் கவலை இல்லை.

தங்கச்சிக்கு நூல் வேண்டாம், தராசும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம். இந்தக் கிழமைக்குள் வைத்தியர். கூட யார் வரவேண்டும், தாயா நீங்களா, என்பதை அவரிடமே கேளுங்கள். இரத்தச் சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும்.